வயசாச்சு, அவ்வளவுதான்

என் மாமனாரிடமிருந்து ஸ்கூட்டர் சாவியை வாங்கி என் கையில் கொடுத்தவர் அவருடைய கட்சியின் உள்ளூர்ச் செயலாளர். கொடுத்த கையோடு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, பேரூராட்சிக் கோப்பு ஒன்றை மாமாவின் மடியில் விரித்து வைத்து, "தலைவரே, இங்கின ஒரு ஒப்பு, இங்கின ஒரு ஒப்பு" என்று விரலால் தொட்டுக் காட்டினார். மாமா இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டார். மூன்றாவதாக, அடியில் கிடந்த தினசரியில் நகைக்கடை விளம்பரத்தின் மேலும் ஒன்று போட்டார். செயலாளர் அதைப் பார்க்காதவர் மாதிரி கோப்பை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

நான் பார்த்தேன். தக்கலைப் பக்கம் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிறவள் நான். விடை தெரிந்தவன் எப்படிச் சிரிப்பான், தெரியாதவன் எப்படிச் சிரிப்பான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். மாமா கொஞ்ச காலமாகவே தெரியாதவனின் சிரிப்பைத்தான் சிரித்துக்கொண்டிருந்தார். யார் வந்து எது சொன்னாலும் அந்தச் சிரிப்பு, கூடவே "பாத்துக்கிடலாம்" என்று ஒரு வார்த்தை. அந்த ஒரே வார்த்தையில் எங்கள் பேரூராட்சி நடந்துகொண்டிருந்தது.

ஆமாம், மாமாதான் எங்கள் பேரூராட்சித் தலைவர். ஊர் கொட்டாரத்திலிருந்து அதிக தூரமில்லை. பேரைச் சொன்னால் எங்கள் ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். சொல்லாவிட்டால் பக்கத்து ஊர்க்காரர்கள் தங்களைத்தான் சொல்கிறேன் என்று கோபித்துக்கொள்வார்கள். பக்கத்து ஊர்க்காரர்களே கோபித்துக்கொள்ளட்டும்.

சாவி கைமாறிய கதை சின்னதுதான். கோட்டாற்றில் அரிசிக்கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் மாமாவுக்குப் பள்ளிக்கூடத் தோழர். அவரைப் பார்க்க மாமா காலையில் ஸ்கூட்டரில் போயிருக்கிறார். போகிற வழியில் ஒருவழிப் பாதையில் எதிர்த்திசையில் நுழைந்து, மீன் விற்கிற ஒரு அம்மாளின் கூடையைத் தட்டிவிட்டு, அந்த அம்மாள் ஏசின ஏச்சு மொத்தத்தையும் வாங்கிக்கொண்டு, அவளுக்கு ஒரு கும்பிடும் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். கடையில் டீ குடித்துவிட்டு எழுந்தவர் படியை விட்டு இறங்கவே இல்லை. மதிய இடைவேளையில் பாய் எனக்குப் போன் செய்தார்.

"மக்ளே, உங்க மாமா இங்க நின்னுக்கிட்டு, வீடு எந்தப் பக்கம்னு கேக்கான். வெளையாடுகான்னு நெனச்சு நானும் சிரிச்சேன். வெளையாட்டு இல்ல மக்ளே. நீ வா."

நான் பாதி நாள் விடுப்புச் சொல்லிவிட்டு இரண்டு பஸ் மாறி ஓடினேன். பாய் தன் நாற்காலியில் மாமாவை உட்கார வைத்து, தான் ஒரு அரிசிச் சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் மாமாவின் முகம் மலர்ந்தது. "நீ எப்பம் வந்த மக்ளே? வா, வீட்டுக்குப் போவோம், வழி தெரியுமா உனக்கு?" என்றார். கல்யாணமாகி வந்த புதிதில், கடைசி பஸ்ஸில் நான் பள்ளியிலிருந்து வரும்போதெல்லாம் குடையும் டார்ச்சுமாக நிறுத்தத்தில் நின்றவர் இவர்தான். அப்போது என் வீட்டுக்காரர் மஸ்கட்டுக்குப் போய்விட்டிருந்தார். இன்றும் அங்கேதான் இருக்கிறார், வீடியோவில் வந்து "அப்பா நல்லாத்தானே இருக்காரு" என்று சொல்லிக்கொண்டு.

செய்தி செயலாளரின் காதுக்கு என்னை முந்திக்கொண்டு போய்விட்டது. சாயங்காலம் வந்து சாவியை வாங்கி என்னிடம் கொடுத்தார்.

"இனி தலைவரு வண்டி ஓட்டப்படாது, டீச்சர். ஒரு உயிரு போச்சுன்னா யாரு பதில் சொல்லது?"

"சரி. வண்டி ஓட்டப்படாது. ஊரை ஓட்டலாமா?" என்று கேட்டேன்.

"அது வேற, இது வேற டீச்சர்" என்றார் அவர்.

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது. ஸ்கூட்டருக்கு லைசென்ஸ் வேண்டும். எனக்கு இந்த வேலை கிடைத்தபோது கண்ணைப் பார்த்தார்கள், காதைப் பார்த்தார்கள், மூச்சை இழுத்து விடச் சொன்னார்கள். நான் நடத்தப்போவது வெறும் இயற்கணிதம். நான் ஏறுகிற தக்கலை பஸ்ஸின் டிரைவர் கண் பரிசோதனைக்குப் போய்விட்டு வந்து புலம்புவார். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், தான் இன்னும் சாகவில்லை என்பதை வருஷாவருஷம் ஒரு அதிகாரியின் முன்னால் போய் நின்று நிரூபித்துவிட்டு வருகிறார். ஊரை ஆளுகிறவரிடம் மட்டும் சொத்து எவ்வளவு, வழக்கு எத்தனை என்று கேட்கிறார்களே தவிர, இன்றைக்கு என்ன கிழமை என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்டால் எத்தனை பேர் தேறுவார்களோ, அந்தப் பயத்தில்தான் கேட்காமல் இருக்கிறார்களோ என்னவோ.

கிழமை கேட்கிற ஒரு டாக்டரைத் திருவனந்தபுரத்தில் கண்டுபிடித்து, நானே மாமாவைக் கூட்டிக்கொண்டு போனேன். மெலிந்த உருவம், பொறுமையான மனிதர். மாமாவிடம் இது எந்த மாசம் என்று கேட்டார்.

"தேர்தல் மாசம்" என்றார் மாமா.

நூறிலிருந்து ஏழைக் கழிக்கச் சொன்னார். "அதுக்குத்தான் மருமவளைக் கூட்டிட்டு வந்திருக்கு. அவ கணக்கு டீச்சராக்கும்" என்று என்னைக் காட்டினார். முதலமைச்சர் யார் என்றதற்கு, செத்துப் பல வருஷமான ஒருவரின் பேரைச் சொன்னார். ஒரு வட்டத்தைக் கொடுத்துக் கடிகாரம் வரையச் சொன்னபோது எல்லா எண்ணையும் வலது பக்கமே அடுக்கினார். இடது பக்கம் காலியாகக் கிடந்தது. அங்கே ஏன் ஒன்றுமில்லை என்று டாக்டர் கேட்டார்.

"அது எதிர்க்கட்சிக்கு ஒதுக்கினது டாக்டர்."

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். பிறகு மாமாவை வெளியே உட்கார வைத்துவிட்டு டாக்டர் என்னிடம் சொன்னார்: ஞாபகம் போகும், வழி போகும், நாள் போகும், பேச்சுச் சாமர்த்தியம் மட்டும் கடைசியில்தான் போகும். அதனால் அரசியல்வாதிகளிடம் இந்த நோயைக் கண்டுபிடிப்பதுதான் மிகவும் கஷ்டம். வீட்டில் ஓய்வு வேண்டும், வண்டி கூடாது, எதிலும் கையெழுத்து வாங்கக் கூடாது என்று ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார்.

அந்தச் சீட்டை நான் செயலாளரிடம் நீட்டினேன். வாங்கிப் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"தலைவருக்கு ஒண்ணும் இல்ல டீச்சர். வயசாச்சு, அவ்வளவுதான். இந்த டாக்டரைக் கூட்டிக்கிட்டு நம்ம மேலிடத்துக்குப் போனோம்னு வையுங்க, நாட்டுல பாதி நாற்காலி காலியாயிரும்."

உண்மை என்னவென்றால், மாமா ராஜினாமா செய்தால் நாற்காலி துணைத்தலைவருக்குப் போய்விடும். அவர் எதிர்க்கட்சி. அதனால் மாமாவுக்கு மூளை இருக்கிறதா என்பது கட்சிக்கு ஒரு பொருட்டே இல்லை. இடுப்புக்குக் கீழே உட்காருகிற பாகம் நன்றாக இருக்கிறதா என்பதுதான் முக்கியம். அது நன்றாகவே இருந்தது.

என் மாமியாருக்கு அரசியல் எதுவும் வேண்டியதில்லை. "அவரை ஊரு சிரிக்காம பாத்துக்கோ மக்ளே. எனக்கு அது போரும்" என்று மட்டும் சொல்லுவாள். அத்தைக்கு இன்னொரு பயமும் இருந்தது, அதை அவள் ஒரே ஒரு தடவை சொன்னாள். "கொளத்தை எழுதி வாங்கிருவாங்களோட்டி?"

குளம் என்றால் எங்கள் ஊருக்குக் கிழக்கே உள்ள குளம். அத்தை கல்யாணமாகி வந்த காலத்தில் அதை மூடி பஸ் ஸ்டாண்டு கட்டப் பார்த்தார்களாம். மாமா அப்போது தலைவரும் இல்லை, ஒன்றும் இல்லை, உரக்கடையில் நின்றுகொண்டிருந்த ஆள். நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் இறங்கி நின்றுகொண்டார். கலெக்டர் வந்து கரையில் நின்று பேசுகிறவரை ஏறவில்லை. அதற்குப் பிறகு மாமா அரசியலில் செய்த எல்லாவற்றையும் மறந்துவிடலாம், அவரே மறந்துவிட்டார். குளம் மட்டும் நின்றது. கீழே உள்ள வயல்கள் இன்றும் அந்தத் தண்ணீரில்தான் விளைகின்றன. இப்போது அதன் கரையில் வணிக வளாகம் கட்டவேண்டும் என்று கிளம்பியிருந்தார்கள், குளத்தில் பாதியை மூடினால்தான் அந்தக் கரைக்கு அகலம் போதும். குளத்தைக் காப்பாற்றின அதே கை, என்னவென்று தெரியாமல் ஒருநாள் அதை எழுதிக் கொடுத்துவிடும் என்றுதான் நானும் அத்தையும் பயந்தோம். நகைக்கடை விளம்பரத்தில் கையெழுத்துப் போடுகிற கைக்கு அது எவ்வளவு நேரமாகும்?

இதற்கிடையில் மாமா ஊர் ஊராக மேடையேறிக்கொண்டிருந்தார். ஒரு கூட்டத்தில் கையிலிருந்த பேச்சைப் படித்து முடித்துவிட்டு, தாளைத் திருப்பி, அதையே முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தார். கூட்டமும் இரண்டாம் தடவை கைதட்டியது. மறுநாள் பத்திரிகையில் 'தலைவர் மீண்டும் வலியுறுத்தினார்' என்று வந்திருந்தது.

இதைவிடப் பெரிய கூத்து ஒரு சாவுவீட்டுப் பதினாறாம் நாள் அடியந்திரத்தில் நடந்தது. எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கும் பதினாறாம் நாளுக்கும் பந்தலில் பெரிய வித்தியாசம் தெரியாது. அதே வாடகை நாற்காலி, அதே மைக், அதே வாழையிலை, அதே எரிசேரி, அவியல், துவரன், கடைசியில் அதே பாயாசம். புத்தி தெளிவாக உள்ளவனே சாப்பிட்டுவிட்டு, பழக்கதோஷத்தில் மாப்பிள்ளை யார் என்று தேடுவான். மாமா இரண்டு வகைப் பாயாசத்தையும் குடித்துவிட்டு மைக்கைப் பிடித்தார். மணமக்கள் எல்லா வளமும் பெற்று நீடூழி வாழவேண்டும் என்றார். மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில், மொட்டைத் தலையோடு நின்றுகொண்டிருந்த மகனைப் பார்த்து, "சீக்கிரமே நல்ல சேதி வரணும்" என்று கையை உயர்த்தி ஆசீர்வதித்தார்.

பந்தலில் கரண்டிச் சத்தம்கூட நின்றுவிட்டது. நான் பெண்கள் பந்தியில் இலைக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டேன். செயலாளர் பாய்ந்து போய் மைக்கை வாங்கினார்.

"தலைவரு சொல்லதுக்கு அர்த்தம் என்னன்னா, ஆத்மா ஆண்டவன்கூடப் போய்ச் சேர்ந்தது ஒரு கல்யாணம் மாதிரியாக்கும். நல்ல சேதின்னா மோட்சம்."

"என்ன ஒரு தத்துவம்!" என்றார் எதிர்ப் பந்தியில் உட்கார்ந்திருந்த ஒருவர். மொட்டைத் தலை மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து மாமாவின் காலைத் தொட்டான். எனக்குச் சிரிப்பு வந்தது, வந்த சிரிப்பின் மேலேயே ஆத்திரமும் வந்தது. ஒரு மனிதன் வழிதவறிப் போய்க்கொண்டிருக்கிறான், இவர்கள் அவன் போகிற இடத்திலெல்லாம் ரோடு போட்டுக்கொண்டே போகிறார்கள்.

அந்த நாட்களில் டிவியைத் திறந்தால், கடல் தாண்டி ஏதோ ஒரு பெரிய நாட்டுத் தலைவரின் ஞாபகசக்தியைப் பற்றித்தான் விவாதம். செயலாளர் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கள் வீட்டு மட்டிப்பழத்தை உரித்துத் தின்றுகொண்டு அதைப் பார்ப்பார்.

"அணுகுண்டுக்க பட்டனு கையில உள்ளவன், மேடையில எறங்க வழி தெரியாம நிக்கான். இவனை எல்லாம் எவன் நாற்காலியில உக்கார வச்சது? என்ன நாடோ!"

மாமா அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகக் கேட்டார். "தம்பி யாரு? எந்த ஊரு?"

"தலைவருக்கு எப்பமும் தமாசுதான்" என்று சொல்லிவிட்டு செயலாளர் இன்னொரு பழத்தை உரித்தார்.

ஐப்பசி மழையில் குளம் நிரம்பின பிறகு வணிக வளாகத்துக்கு அடிக்கல் நாட்ட நாள் குறித்தார்கள். மாமா கல்லைத் தொடவேண்டும், நாலு வார்த்தை பேசவேண்டும், பிறகு மேடையிலேயே எல்லோர் முன்னாலும் தீர்மானத்தில் கையெழுத்துப் போடவேண்டும். குளத்தைக் காப்பாற்றினவரே கையெழுத்துப் போட்டால் அதற்கு மேல் எவன் வாயைத் திறப்பான் என்பது அவர்கள் போட்ட கணக்கு. கணக்கு டீச்சராகச் சொல்கிறேன், சரியான கணக்கு. நான் போய்ச் செயலாளரிடம் சண்டை போட்டேன். "சீட்டை மறுபடியும் படிங்க. கையெழுத்து வாங்கப்படாதுன்னு எழுதியிருக்கு" என்றேன். "தலைவரு சிங்கம் மாதிரி இருக்காரு டீச்சர். நீங்கதான் சும்மா பயந்து வெப்ராளப்பட்டுக்கிட்டு கெடக்கியோ" என்றார். துணைத்தலைவரும் அங்கே இருந்தார். மற்ற எல்லாவற்றிலும் முறைத்துக்கொண்டு திரிந்த இரண்டு பேரும், குளம் என்று வந்ததும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்க ஆரம்பித்திருந்தார்கள். யார் யாருக்கு என்ன கிடைக்கும் என்பதை நான் பார்க்கவில்லை, அதனால் எழுதவில்லை.

அன்றைக்கு நானும் அத்தையும் பந்தலில் முன்வரிசையில் உட்கார்ந்தோம். அத்தை முந்தானை நுனியைக் கசக்கிக்கொண்டே இருந்தாள். மேடை குளத்தின் படித்துறைக்கு மேலே போடப்பட்டிருந்தது. மாமாவுக்கு மடிப்புக் கலையாத வேட்டி, கழுத்தில் ரோஜா மாலை. செயலாளர் தான் எழுதின தாளை அவர் கையில் வைத்து, மைக்கை வாயருகில் திருப்பிவிட்டார். "இன்று நம் ஊர் வரலாற்றில் ஒரு பொன்னாள். பயனற்றுக் கிடக்கும் இந்தக் குளத்தில்" என்று படித்த மாமா அங்கேயே நின்றார். தாளைப் பார்த்தார். தலையைத் திருப்பித் தண்ணீரைப் பார்த்தார். குளம் கரை தளும்பக் கிடந்தது. படித்துறையில் இரண்டு பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள்.

"இந்தக் கொளத்தையா?"

மைக்கில் அது பெரிதாகக் கேட்டது.

"எவன்லே சொன்னான் பயனில்லன்னு? தண்ணி கெடக்குது, கண்ணு தெரியலியா? கீழ உள்ள வயலு பூராவும் இதைக் குடிச்சுல்லா கெடக்கு! மண்ணு கொட்டணுமாலே? கொட்டு. முதல்ல எனக்க தலையில கொட்டு. பொறவு கொளத்துல கொட்டு."

மாமா குரலை உயர்த்தினால் கைதட்டவேண்டும் என்று பழக்கப்பட்டிருந்த கட்சிப் பையன்கள் பலமாகக் கைதட்டினார்கள். ஒருவன் "தலைவர் வாழ்க" என்றுகூட எடுத்துக் கொடுத்தான். செயலாளர் திரும்பி அவனை முறைத்த முறைப்பில் அவன் வாயை மூடிக்கொண்டான். அத்தை என் கையைப் பிடித்தாள். "இதே பேச்சுட்டி. அன்னைக்கும் இதே பேச்சுதான் பேசினாரு" என்றாள். எனக்கு விசில் அடிக்கத் தெரியாது, தெரிந்திருந்தால் அன்று அடித்திருப்பேன்.

மாமா கையெழுத்துக்காக நீட்டின பேனாவை வாங்கிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, மேடையை விட்டு இறங்கி, படித்துறை வழியாகத் தண்ணீருக்குள் போக ஆரம்பித்தார். முழங்கால் நனைவதற்குள் இரண்டு பையன்கள் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டார்கள். செயலாளர் மைக்கை எடுத்தார். இதற்கு என்ன தத்துவம் சொல்லப்போகிறார் என்று நான் காத்திருந்தேன்.

"தலைவருக்கு இன்னைக்குக் கொஞ்சம் சொகமில்ல" என்றார் அவர். "அவரு சொன்னதை யாரும் மனசுல வச்சுக்கிடாதிங்க."

செத்தவனுக்குக் கல்யாணம் செய்து வைத்தபோது சுகமாக இருந்தவர். ஒரே பேச்சை இரண்டு தடவை படித்தபோது சுகமாக இருந்தவர். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனையே யார் என்று கேட்டபோது சுகமாக இருந்தவர். குளத்தில் தண்ணீர் இருக்கிறது என்று சொன்ன உடனே அவருக்குச் சுகமில்லாமல் போய்விட்டது.

நான் ஒன்றும் இதைப் பெரிய ஞானம் என்று சொல்ல வரவில்லை. வீட்டுக்குத் திரும்பும்போது காரில் ஈர வேட்டியோடு உட்கார்ந்துகொண்டு மாமா, "கலெக்டரு வந்தாச்சா மக்ளே?" என்று கேட்டார். அவர் அந்தப் பழைய நாளுக்குள் போய் நின்றுகொண்டுதான் பேசியிருக்கிறார். "வந்தாச்சு மாமா, பேசிட்டுப் போயாச்சு" என்றேன். அவருக்குத் திருப்தியாகிவிட்டது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன்.

மறுநாள் காலையில் செயலாளரும் துணைத்தலைவரும் சேர்ந்தே வீட்டுக்கு வந்தார்கள். கையில் ஆப்பிள் பை. இத்தனை காலமும் என்னை டீச்சர் என்றே கூப்பிட்ட செயலாளர், அன்று வாசலிலேயே அண்ணன் பெண்டாட்டியைக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டார்.

"மைனி, அந்தத் திருவனந்தபுரம் டாக்டரு ஒரு சீட்டு தந்தாருல்லா? அது ஒங்க கிட்ட பத்திரமா இருக்கா?"

"எதுக்கு?"

துணைத்தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "தலைவருக்க ஆரோக்கியந்தான் நமக்கு முக்கியம். அவரால முடியலன்னு டாக்டரு எழுதினது இருந்தா, மேல காட்டி, பொறுப்பை நான் ஏத்துக்கிடலாம். அவரு நிம்மதியா வீட்டுல இருக்கட்டும். பாவம், எவ்வளவு நாளுதான் கஷ்டப்படுவாரு?"

"நீங்களும் எவ்வளவு நாளா சொல்லிக்கிட்டு இருக்கியோ மைனி" என்றார் செயலாளர். "நாங்கதான் கேக்கல. தப்பு எங்க பேருலதான்."

சீட்டு அலமாரியில் இருந்தது. அதற்கு நகல்கூட எடுத்து வைத்திருந்தேன். இவ்வளவு காலமும் நான் தொண்டை வறளக் கேட்டது இதைத்தான். கொடுத்தால் நாளையிலிருந்து மாமா மேடையேற வேண்டாம். எந்தப் பந்தலிலும் ஊர் சிரிக்காது. அத்தை நிம்மதியாகத் தூங்கலாம், நான் நிம்மதியாகப் பள்ளிக்குப் போகலாம். அடுத்த வாரம் துணைத்தலைவரின் கையெழுத்து விழும். அதற்கடுத்து லாரிகள் வரும்.

கூடத்தில் மாமா செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தார். முந்தின நாள் பேனா இன்னும் அவர் பையில் இருந்தது. அடுக்களை வாசலில் அத்தை நின்றாள். நான் அவளைப் பார்த்தேன். ஊர் சிரிக்காமல் பார்த்துக்கொள் என்று இத்தனை நாளும் கெஞ்சினவள், ஒரு பக்கமாக மிக லேசாகத் தலையை ஆட்டினாள். வேண்டாம் என்று.

"சீட்டா? மாமாவுக்கு ஒண்ணும் இல்லியே" என்றேன். "வயசாச்சு, அவ்வளவுதான்."

செயலாளரின் முகத்தைப் பார்க்கவேண்டுமே. "என்ன மைனி, நீங்கதானே நோயின்னு சொன்னியோ?"

"அது வேற, இது வேற" என்றேன். "தலைவரு சிங்கம் மாதிரி இருக்காரு. ஆப்பிளை அங்கின வச்சிட்டுப் போங்க."

அன்றிலிருந்து நானும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டேன். பேரூராட்சிக் கூட்டம் என்றால் பள்ளிக்கு விடுப்புப் போட்டுவிட்டு மாமாவுக்கு வேட்டி கட்டிவிட்டு, நானே கூட்டிக்கொண்டு போகிறேன். வாசல்வரைதான் என்னை விடுவார்கள். அங்கே நின்று அவர் காதில், "கொளத்து மேட்டரு வந்தா முடியாதுன்னு சொல்லுங்க மாமா" என்று சொல்லி அனுப்புகிறேன். சில நாள் அவர் குளத்துக்கும் முடியாது என்கிறார், தெருவிளக்குக்கும் முடியாது என்கிறார். எங்கள் தெருவில் விளக்கில்லாமல் கிடப்பது அதனால்தான். யாராவது கேட்டால், சிக்கனத்தைப் பற்றி மாமாவுக்கு ஒரு கொள்கை இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். செயலாளரிடம் இவ்வளவு நாள் பார்த்துக் கற்றது வீண்போகவில்லை. இப்போது அவர் ஊரெல்லாம் போய், தலைவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். அவர் சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. ஒருவரும் நம்புவதில்லை. பதினாறாம் நாள் பந்தலில் அவ்வளவு பெரிய தத்துவம் சொன்னவருக்கா புத்தி பேதலிக்கும் என்று கேட்கிறார்கள்.

பதவிக்காலம் முடிகிறவரை குளம் கிடக்கும். அதற்குப் பிறகு எனக்குத் தெரியாது. இவர்கள் செய்ததையே நானும் செய்கிறேனே என்று சில நேரம் உறுத்துகிறது. உறுத்தும்போது கரைக்குப் போய்த் தண்ணீரைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

போன வாரம் மாமாவையும் கூட்டிக்கொண்டு போனேன். படித்துறையில் உட்கார்ந்தோம். தெளிவான நாள் அது, வரும்போதே வழியில் இரண்டு பேரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருந்தார். தண்ணீரையே ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இப்பம் இங்க தலைவரு யாரு மக்ளே?"

"நீங்கதான் மாமா."

"நானா?"

"ஆமா மாமா. நீங்கதான்."

மாமா என்னை ஒருமுறை பார்த்தார். தன் கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். வெகுகாலத்துக்குப் பிறகு, விடை தெரிந்தவனின் சிரிப்பு அவர் முகத்தில் வந்தது.

"அப்பம் ஊரு வெளங்கிரும்" என்றார்.

நான் அவரை எழுப்பி, கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். மறுநாள் கூட்டம் இருந்தது, வேட்டிக்குக் கஞ்சி போடவேண்டும்.